சைக்கிள் மெக்கானிக் தொழிலும் முறையான பயிற்சியும்

(மயிலாப்பூரில் இளைஞர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று மாலை சைக்கிள் மெக்கானிக் தொழிலைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். கபாலீசுவரர் கோயில் மாடவீதிக்கு அருகில் கூடி, பஞ்சர் ஒட்டுவதைப் பற்றியா பிரசங்கம் கேட்பது என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், பள்ளிப் படிப்பு நின்றுபோன பையனை வீட்டில் வைத்துக்கொண்டு, இவனை என்ன செய்வது என்று இரவில் உறக்கமின்றி யோசிக்கும் தகப்பனார் ஒருவராவது இக்கூட்டத்தில் இருப்பார் என்பதை நான் அறிவேன். அவர்பொருட்டே பேச முன்வந்தேன்.

முதலில், இத்தொழில் இழிவானது என்ற எண்ணத்தை அகற்ற வேண்டும். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885-ஆம் வருஷத்தில் செய்து வெளியிட்டார். 1888-இல் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அக்காலத்தில் இவ்வேலையைக் கற்றவர்கள் எந்நிலையை அடைந்தார்கள் என்று பாருங்கள். ஆகாய விமானத்தை 1903-இல் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அக்கடையின் வருவாயே அவர்களுடைய பரிசோதனைகளுக்கு முதலாயிற்று. பிற்காலத்தில் நப்பீல்டு பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் மாரிஸ், பதினாறாம் வயதில் தம் தகப்பனார் வீட்டுக் கொட்டகையில் சைக்கிள் ரிப்பேர் செய்யத் தொடங்கியவர். முடிவில் பெரிய மோட்டார் தொழிற்சாலைக்கு அதிபரானார். ஜப்பானில் ஹோண்டா என்பவர் 1946-இல் சைக்கிளுக்குச் சிறு இயந்திரம் பொருத்தித் தம் தொழிலை ஆரம்பித்தார்.

நம் சென்னைக்கும் இத்தொழிலில் பங்குண்டு. 1949-இல் ஸ்தாபிக்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனியார், அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்து 1951 முதல் சைக்கிள்களைச் செய்தளித்தனர். அவர்களுடைய ஹெர்குலிஸ் வண்டியை அறியாத கிராமம் தமிழ்நாட்டில் இராது. பிற்காலத்தில் நம் மாகாண சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்க முற்பட்டனர். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அத்திட்டம், சில வருஷங்களில் சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பில் பயிலும் மற்ற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. வண்டியைக் கொடுத்தல் எளிது. அதை ஓடும் நிலையில் வைத்திருக்க ஊருக்கு ஒரு கைத்தேர்ந்த ஆள் வேண்டுமல்லவா?

இது நிற்க. என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். நான் பதினைந்தாம் வயதில் வாடகைச் சைக்கிள் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கடையைப் பெருக்குவது, காற்றடிப்பது, பஞ்சர் ஒட்டுவது என்று ஒரு வருஷம் சென்றது. முதலாளி செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றேன். ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்டால் தலையில் குட்டு விழும். ஒரு நாள் முதலாளி வெளியே சென்றிருந்தபோது, பத்திரிகை போடும் ஒருவர் தம் வண்டியின் இடது பெடலை மாற்றித் தரும்படி கேட்டார். பெட்டியில் கைக்கு அகப்பட்ட பெடலை எடுத்து முடுக்கினேன். அது எளிதில் ஏறவில்லை. ஸ்பானரின்மேல் காலை வைத்து மிதித்து ஏற்றிவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் லஸ் முனையருகே அந்தப் பெடல் கழன்று விழுந்தது. அவருடைய மணிக்கட்டு முறிந்தது. ஒன்றரை மாதம் அவர் பத்திரிகை போடவில்லை. அவ்வீட்டில் அந்த ஒன்றரை மாதம் எவ்வாறு கழிந்தது என்பதை நான் பின்னர் நேரிற்சென்று கண்டேன்.

நான் செய்த பிழை யாது? சைக்கிளின் வலது பெடலுக்கு வலப்புறமாகத் திருகும் மரை. இடது பெடலுக்கு இடப்புறமாகத் திருகும் மரை. மிதிக்குந்தோறும் பெடலின் அச்சு தானே கழலாதிருக்கும்பொருட்டு அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். நான் வலது பெடலை இடது கிராங்கில் பலவந்தமாக ஏற்றி மரையை அழித்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஓர் ஆசிரியர் விளங்கச் செய்திருக்கக்கூடிய விஷயம் அது. அதை அறியாமையால் ஓர் ஏழைக் குடும்பம் துன்புற்றது. முறையான பயிற்சி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். கடையில் கற்றவர்களை நான் குறைகூறவில்லை. நானும் அவர்களில் ஒருவனே. கைப்பழக்கத்தோடு காரணமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மற்றோர் உதாரணம் பாருங்கள். சக்கரம் கோணிவிட்டால் கோட்டம் எடுக்கிறோம். ரிம் வலப்புறம் சாய்ந்தால், அவ்விடத்தில் இடப்புறத்துப் போக்ஸ் கம்பிகளை முறுக்க வேண்டும். வலப்புறத்தவற்றைச் சிறிது தளர்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுக்கு மேல் போகலாகாது. சாதாரணமான பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் உண்டு. பின்சக்கரத்துக்கு மட்டும் ஏன் அதிகம்? ஏறுபவர் பாரமும், காரியரில் ஏற்றும் மூட்டையும், சங்கிலியின் இழுப்பும் பின்புறத்தையே பெரிதும் தாக்குகின்றன. இக்காரணத்தை அறிந்தவன் அறுந்த கம்பியை மாற்றாமல் வண்டியை அனுப்பமாட்டான்.

கணக்கும் இதில் உண்டு. முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்புறப் பிரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மிதித்தால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரமானால் வண்டி சுமார் 18 அடி முன்னேறும். பள்ளியில் வட்டத்தின் சுற்றளவு புரியாத பையனுக்கு, இங்கே சாக்பீஸால் தரையில் கோடு கிழித்துக் காட்டினால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். கணக்கில் தேறாதவன் என்று தள்ளப்பட்ட பிள்ளைகள் பட்டறையில் கணக்கைப் பிடித்துக்கொண்டதை நான் பன்முறை கண்டிருக்கிறேன்.

இக்காலத்துச் சைக்கிளோ பழைய சைக்கிள் அன்று. பெசண்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் போய் நின்றால், பல கியர் கொண்டவையும், டிஸ்க் பிரேக் பொருத்தியவையும், பேட்டரியால் ஓடுபவையும் வரிசையாகச் செல்லக் காணலாம். சென்னை மாநகராட்சியின் பகிர்வுச் சைக்கிள் திட்டம் 2019-இல் ஆரம்பமாயிற்று. இத்தகைய வண்டிகளைச் சுத்தியலும் ஸ்பானரும் மாத்திரம் கொண்டு சீர் செய்ய இயலாது. பழைய தொழிலாளி இவற்றைத் திருப்பி அனுப்புகிறார். அந்த வருமானம் பயிற்சி பெற்றவனுக்குப் போய்ச் சேருகிறது.

இனி, எங்கே சேருவது என்று பார்ப்போம். நூற்கல்வியோடு தொழிற்கல்வியையும் சேர்த்துக் கொடுப்பது இவ்வூருக்குப் புதிதன்று. 1905-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் அவ்வழியில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்கள் கிண்டியிலும் திருவான்மியூரிலும் இருக்கின்றன. 1950-இல் இந்திய சர்க்கார் வகுத்த கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி இத்தகைய நிலையங்கள் நடைபெறுகின்றன. இவற்றில் பிட்டர் பிரிவு இரண்டு வருஷம். உலோகத்தை அளத்தல், அரத்தால் ராவுதல், மரை வெட்டுதல் ஆகியவற்றை இதில் கற்கலாம். இருசக்கர, மூன்றுசக்கர வாகன மெக்கானிக் பிரிவும் சில நிலையங்களில் உண்டு. இவற்றைக் கற்றவனுக்குச் சைக்கிள் வேலை கைவந்ததாகும். மோட்டார் சைக்கிளுக்கும் தொழிற்சாலைக்கும் வழி திறந்திருக்கும்.

சேருவோர் 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிரிவுக்குத் தக்கபடி 8-ஆம் வகுப்போ 10-ஆம் வகுப்போ தேறியிருக்க வேண்டும். பரீட்சை முடிவுகள் வெளியானபின் விண்ணப்பம் கோருவார்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை முன்னரே தேடி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்து இடத்தை இழந்தவர்கள் பலர். சர்க்கார் நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித் தொகையும் பஸ் பாஸும் உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்துவந்தவர்களுக்கு, பெண்களாயின் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களாயின் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெற வழியுண்டு.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருவோம். "என் பையன் கடையில் தினக்கூலி கொண்டு வருகிறான். இரண்டு வருஷம் அதை இழப்பது எப்படி?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அவர் ஆட்டோ ஓட்டுபவர்; வாடகை கொடுத்துக் குடியிருப்பவர். அவருடைய கவலை நியாயமானது. உதவித் தொகை தினக்கூலிக்கு ஈடாகாது என்பதை நான் மறைக்கவில்லை. நான் அவருக்குச் சொன்னதாவது: "ஐயா, உங்கள் மகன் நாற்பது வயதில் வாங்கப்போகும் கூலியையும் கணக்கில் சேருங்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவன் கடையில் வேலை செய்யட்டும், பகலில் கற்கட்டும்." அவர் ஒரு வாரம் யோசித்தார். பையன் இவ்வருஷம் பிட்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறான். மாலை ஆறு மணிக்குமேல் மந்தைவெளியில் ஒரு கடையில் கோட்டம் எடுக்கிறான். அக்குடும்பத்தில் சிரமம் இருக்கிறது; ஆனால் அது முடிவுள்ள சிரமம்.

பெண்களுக்கு இது ஆகுமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையை நினைவூட்டுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது அந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போதும் பரிகசித்தவர்கள் உண்டு. பின்னர் அவ்வண்டிகளிலேயே தண்ணீர்க் குடமும் விளைபொருளும் சென்றன. ஓட்டத் தெரிந்த கைகளுக்குக் கழற்றி மாட்டவும் தெரியும்.

ஏற்கெனவே கடையில் பல வருஷம் உழைத்தவர்களும் மனம் தளர வேண்டாம். அவர்கள் பெற்ற அறிவைப் பரிசோதித்துச் சான்றிதழ் அளிக்கும் ஏற்பாடு மத்திய சர்க்காரின் தொழிற்றிறன் திட்டங்களில் உண்டு. 1961-ஆம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலைகளில் உதவித் தொகையுடன் பழகுநராகவும் சேரலாம்.

ஓர் எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவதாகச் சொல்லும் தரகரை நம்பாதீர்கள். எந்த நிலையத்தில் சேருமுன்னும் நேரிற் சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: சான்றிதழை அளிப்பவர் யார்? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கருவி கிடைக்குமா? பிள்ளை தன் கையாலேயே சக்கரத்தைப் பிரித்துக் குண்டுகளை மாற்றிப் பூட்டுவானா? கரும்பலகையை மாத்திரம் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எக்காரணத்தாலும் கடைக்கு அனுப்பாதீர்கள். அது சட்டவிரோதம், அவனுக்குரிய இடம் பள்ளிக்கூடமே.

இளைஞர்களே! ஒருவர் தம் வண்டியை உங்களிடம் ஒப்புவிக்கும்போது தம் எலும்பையும் அன்றைய சம்பாத்தியத்தையும் ஒப்புவிக்கிறார். அந்தப் பத்திரிகைக்காரரை நான் இன்றும் மறக்கவில்லை. அவர் பின்னர் என் கடைக்கே வண்டியைக் கொண்டு வந்தார். நான் பெடலின் மரையை அவருக்குக் காட்டியபின்னரே பூட்டுவது வழக்கம். நாளைக் காலையில் உங்கள் சான்றிதழ்களை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். தகப்பனாரையோ தாயாரையோ அழைத்துக்கொண்டு அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்குச் சென்று விசாரியுங்கள்.