ஒரே பற்சக்கரத்தில் மலையேறியவர்கள்



மிதிவண்டி உங்களில் எவருக்கும் புதிய பொருளன்று. பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் வண்டியில் ஏறிப் பள்ளிக்குச் சென்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். அந்த வண்டியை இன்று மாலை சற்றே உற்று நோக்குங்கள். மிதிகட்டைகளோடு இணைந்த பெரிய பற்சக்கரம் ஒன்று. பின்சக்கரத்தின் நடுவே சிறிய பற்சக்கரம் ஒன்று. இரண்டையும் பிணைக்கும் சங்கிலி ஒன்று. இவ்வளவே அதன் பொறியமைப்பு. ஏற்றமானாலும் இறக்கமானாலும், எதிர்காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் இந்த ஏற்பாடு மாறுவதில்லை. இத்தகைய வண்டியில் ஏறி, ஒரே நாளில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மேகங்கள் தவழும் மலைகளைக் கடந்து ஓடிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் சிறிது கணக்குப் பார்ப்போம். கணக்கு என்றதும் அஞ்ச வேண்டா. எண்ணத் தெரிந்தால் போதும். முன்சக்கரப் பற்கள் 48, பின்சக்கரப் பற்கள் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதிகட்டையை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் மூன்று முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர் என்றால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 6.6 மீட்டர் முன்னே செல்லும். சமவெளியில் இது மிக நல்ல ஏற்பாடு. முன்னே 44 பற்கள், பின்னே 22 பற்கள் என மாற்றினாலோ, ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர்தான் கிடைக்கும். சமவெளியில் கால்கள் வீணே பரபரக்கும். ஆனால் மலையில் இதுதான் உயிர் காக்கும். இரண்டில் எது வேண்டும் என்பதை ஒற்றைப் பற்சக்கர வண்டிக்காரன் காலையில் புறப்படும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அன்றைய பாதையில் சமவெளியும் உண்டு, மலையும் உண்டு என்றால் எதைத் தேர்ந்தாலும் ஓரிடத்தில் அவன் துன்புற்றே தீர வேண்டும்.

மலையில் அந்தத் துன்பம் எவ்வாறு இருக்கும் என்பதை நான் சிறிது அறிவேன். ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த நாளில் நண்பர் இருவரோடு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மிதிவண்டியில் புறப்பட்டேன். அந்தப் பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. மூன்றாம் வளைவுக்குமேல் எங்கள் வண்டிகள் எங்களைச் சுமக்கவில்லை; நாங்கள்தாம் அவற்றை மலையுச்சிக்கு அழைத்துச் சென்றோம். அன்று என் முழங்கால்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. ஒரு மிதிகட்டை நேர்மேலாகவும் மற்றது நேர்கீழாகவும் நிற்கும் கணத்தில், உடலின் முழுப் பாரத்தையும் அழுத்தினாலும் சக்கரம் சுழலாது. வண்டிக்கு வேகம் இருந்தால் அந்தக் கணத்தை அது தானே கடந்துவிடும். வேகம் குறைந்தால் அங்கேயே நின்று, ஏறியிருப்பவனைச் சாய்த்துவிடும். ஆகவே ஒற்றைப் பற்சக்கரத்தில் மலையேறுபவன் களைத்துவிட்டேன் என்று மெதுவாகச் செல்ல முடியாது. ஒரு வேகத்துக்குக் கீழே போனால் அவன் நடக்க வேண்டியவனே.

இனி நாம் பிரான்சு நாட்டுக்குச் செல்வோம். 1903ஆம் ஆண்டில் ‘லோத்தோ’ என்னும் விளையாட்டு நாளிதழ், தன் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு, நாட்டைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே இன்று உலகம் அறிந்த ‘டூர் டி பிரான்ஸ்’. முதலாண்டில் ஆறு கட்டங்கள். மொத்தம் 2,428 கிலோமீட்டர். இதழின் ஆசிரியரும் பந்தயத்தின் தலைவருமான ஆன்ரி தெக்ராஞ் கண்டிப்பானவர். பந்தயம் கடினமாக இருக்குந்தோறும் அதன் பெருமை மிகும் என்பது அவர் கொள்கை.

1910இல் பைரனீஸ் மலைத்தொடரைப் பந்தயப் பாதையில் சேர்க்க வேண்டும் என்று அவருடைய உதவியாளர் அல்போன்ஸ் ஸ்டெய்னே வற்புறுத்தினார். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைப் பார்த்துவரச் சென்ற ஸ்டெய்னே, பனியில் மோட்டார் வண்டி மேலே செல்லாமற்போகவே, இருட்டில் தனியே நடந்து வழிதவறி, உயிர் தப்பியதே பெரிதென்னும் நிலையில் மறுபுறம் இறங்கினார். இறங்கியவர் தலைவருக்கு அனுப்பிய தந்தி என்ன தெரியுமா? பாதை மிக நன்றாக இருக்கிறது, தடையொன்றும் இல்லை என்பதே! மேலதிகாரிகளுக்கு எழுதப்படும் அறிக்கைகள் பலவற்றைப் பணிக்காலத்தில் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பளிக்கவில்லை.

அந்தத் தந்தியின் விளைவாக, 1910 ஜூலை 21ஆம் நாள் விடியுமுன் லூஷோன் என்னும் ஊரிலிருந்து வீரர்கள் புறப்பட்டார்கள். பயோன் நகரை அடைய 326 கிலோமீட்டர். இடையே பெய்ரசூர்த், ஆஸ்பான், தூர்மலே, ஓபிஸ்க் என்னும் கணவாய்கள். தார் காணாத கல்லும் மண்ணுமான பாதை. துளைபட்டால் மாற்றிக்கொள்ள வேண்டிய டயர்களை வீரர்கள் தோளில் மாலைபோல் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

தூர்மலேயின் கிழக்குப் புற ஏற்றம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர். அதற்குள் உயரம் 1,250 மீட்டருக்கு மேல் கூடுகிறது. சற்றுமுன் பார்த்த கணக்கை இங்கே பொருத்துவோம். ஒரு மிதிச் சுற்றுக்கு 4.4 மீட்டர் எனில், உச்சியை அடைய ஏறத்தாழ 3,800 சுற்றுகள் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வீரன் தன்னையும் தன் வண்டியையும் ஓரடி உயரம் தூக்குகிறான். எண்பது கிலோ எடையை ஓரடி தூக்குவது பெரிதன்று; அதை நிறுத்தாமல் 3,800 முறை செய்து பாருங்கள். குஸ்தாவ் காரிகு என்பவர் இடையில் இறங்காமலே ஏறி முடித்து, அதற்கென வைத்திருந்த நூறு பிராங்குப் பரிசைப் பெற்றார். ஆக்தாவ் லப்பீஸ் என்ற வீரரோ சில இடங்களில் ஏறியும் சில இடங்களில் தள்ளிக்கொண்டும் சென்றார். ஓபிஸ்க் கணவாயில் நின்றிருந்த பந்தய அதிகாரிகளைப் பார்த்து அவர் கொலைகாரர்கள் என்று கத்திய செய்தி இன்றும் பேசப்படுகிறது. தள்ளியும் ஏறியும் சென்ற அந்த லப்பீஸ்தான், பதினான்கு மணி நேரத்துக்குப் பின் அன்றைய கட்டத்தில் முதல்வராக வந்தார்; அவ்வாண்டுப் பந்தயத்தையும் வென்றார். நடப்பது தோல்வியாகாது என்பது இதனால் தெரிகிறது அன்றோ!

மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று எனப் பற்சக்கரத்தை மாற்றிக்கொள்ளும் கருவி அக்காலத்தில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. போல் த விவீ என்பவர் பல ஆண்டுகளாக அதற்காக வாதாடிக்கொண்டிருந்தார். 1902ஆம் ஆண்டில் மலைப்பாதையில் ஒரு சோதனையே நடந்தது. எதுவார் பிஷர் என்ற தேர்ந்த பந்தய வீரர் ஒற்றைப் பற்சக்கர வண்டியிலும், மார்த் ஹெஸ் என்ற பெண்மணி மூன்று கியர் கொண்ட வண்டியிலும் சென்றார்கள். வென்றவர் அந்தப் பெண்மணியே. இதற்குப் பின்னும் தெக்ராஞ் மனம் மாறவில்லை. கியர் மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கே உரியது. தசை வலிமையால் வெல்வதே மேல் என்பது அவர் கருத்து. நான் அறுபதைக் கடந்தவன். எனக்கு அவர் அனுமதி தந்திருப்பார்.

ஆகவே அவருடைய வீரர்களுக்கு ஒரு சிறு சலுகை மட்டுமே இருந்தது. பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களைப் பொருத்தியிருப்பார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, வலப்புறத்தை இடப்புறமாகத் திருப்பி மாட்டி, சங்கிலியை இழுத்துக் கட்டிவிட்டு மீண்டும் ஏற வேண்டும். குளிரில் விறைத்த விரல்களால் திருகாணியைக் கழற்றுவதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது 1913க்கு வருவோம். அவ்வாண்டு பாதை எதிர்த்திசையில் அமைந்தது: பயோனிலிருந்து லூஷோனுக்கு. யூஜின் கிறிஸ்தோப் என்னும் வீரர், பூட்டுத் தொழில் கற்ற உழைப்பாளி, அன்று மொத்தக் கணக்கில் முதலிடத்துக்கு வரும் நிலையில் இருந்தார். தூர்மலேயின் உச்சியைக் கடந்து கீழே இறங்கும்போது அவருடைய வண்டியின் முன்கவை முறிந்தது. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் உறுப்பு அது. நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் ‘ஃபோர்க்’ என்பார்கள். வேறு வண்டி பெறக் கூடாது. பழுதைத் தானே சரிசெய்ய வேண்டும். எவருடைய உதவியும் கூடாது. இதுதான் விதி.

கிறிஸ்தோப் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். பின்னால் விட்டுவந்த வீரர்கள் ஒவ்வொருவராகத் தம்மைக் கடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து செந்த் மரீ த கம்பான் என்ற சிற்றூரை அடைந்தார். வழியில் கண்ட ஒரு சிறுமி கொல்லர் பட்டறைக்கு வழி காட்டினாள். கொல்லர் இருந்தார், உலை இருந்தது, ஆனால் கொல்லர் இரும்பைத் தொடக் கூடாது. வாயால் வழி சொல்லலாம், அவ்வளவே. பூட்டுத் தொழில் கற்ற கை அன்று உதவியது. இரும்பைக் காய்ச்சி, அடித்து, துளையிட்டு, சில மணி நேரம் உழைத்துக் கவையை ஒட்டினார். பந்தய அதிகாரிகளும் போட்டி நிறுவனத்தாரின் ஆட்களும் வாயிலில் நின்று கண்காணித்தார்கள். அவர்களுள் ஒருவர் பசிக்கிறது என்றபோது, பசித்தால் கரியைத் தின்னுங்கள் என்று தாம் சீறியதாகப் பிற்காலத்தில் கிறிஸ்தோப்பே சொன்னதுண்டு.

இரண்டு கைகளும் இரும்பைப் பிடித்திருக்கும்போது துருத்தியை யார் ஊதுவது? பட்டறையில் இருந்த ஒரு சிறுவன் ஊதினான். அதற்காக அதிகாரிகள் பத்து நிமிடத் தண்டனை விதித்தார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் பின்தங்கி லூஷோனை அடைந்த கிறிஸ்தோப், மறுபடியும் வண்டியேறிப் பந்தயத்தை முடித்தார். பாரிசில் அவருக்குக் கிடைத்தது ஏழாமிடம்.

தேர்வுக்கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்காணிப்பாளனாக நின்றவன் நான். ஆதலின் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுமை என்று சொல்ல என் நா எழவில்லை. ஒருவனுக்குத் துருத்தி ஊத விட்டால் மற்றொருவனுக்குச் சம்மட்டி அடிக்க விட வேண்டிவரும். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. கிறிஸ்தோப்பும் அதை ஏற்றார். ஆனால் கியர் பற்றிய விதியை நான் அவ்வாறு மதிக்க மாட்டேன். துன்பம் மிகுந்தால் தகுதியும் மிகும் என்ற எண்ணம் அந்த விதிக்குள் இருக்கிறது. நல்ல விளக்கிருக்க மங்கிய விளக்கில் படித்தவனே பெரிய மாணவன் என்று சொல்வதற்கு ஒப்பானது அது. கிறிஸ்தோப் எனக்குப் பெரியவராகத் தோன்றுவது அவர் பட்ட துன்பத்தால் மட்டும் அன்று. கவை முறிந்த இடத்தில் அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது.

1919இல், முதல்நிலை வீரருக்குரிய மஞ்சள் சட்டையைப் பந்தய வரலாற்றிலேயே முதன்முதலாக அணிந்தவரும் அவரே. அவ்வாண்டும் முடிவை நெருங்கும் வேளையில் அவருடைய கவை முறிந்தது. அவ்வாண்டும் வெற்றி கைநழுவியது. தெக்ராஞ் 1936இல் நோயுற்றுப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே, 1937இல், கியர் மாற்றும் கருவி தொழில்முறை வீரர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு வென்ற ரோஜே லப்பெபி அதைப் பயன்படுத்தியவர்.

அத்தோடு ஒற்றைப் பற்சக்கரம் மலையை விட்டு மறைந்திருக்க வேண்டும், மறையவில்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து லெட்வில் என்னும் பழைய சுரங்க ஊரில், கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேலே, 1994 முதல் நூறு மைல் மலைமிதிவண்டிப் பந்தயம் ஒன்று நடந்துவருகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு இடைவாரில் அணியும் உலோகப் பட்டயம் உண்டு. இப்போது எவரும் கியரைத் தடை செய்யவில்லை. இருந்தும் தம் விருப்பப்படியே ஒரே பற்சக்கரத்தோடு வந்து நிற்பவர்கள் அங்கே சிலர் இருக்கிறார்கள். பாதையின் மிக உயரமான ஏற்றத்தில், காற்றின் செறிவு குறைந்த அந்த இடத்தில், பல கியர் கொண்டவர்களும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். ஒற்றைப் பற்சக்கரக்காரரும் அதே வரிசையில் நடக்கிறார். இறங்கிச் சமவெளிக்கு வந்த பிறகுதான் வேறுபாடு தெரியும். மற்றவர்கள் கியரை மாற்றி விரைந்துவிடுவார்கள். அவருடைய கால்கள் பம்பரம்போல் சுழன்றுகொண்டிருக்கும். வண்டியோ அந்த வேகத்துக்குமேல் செல்லாது.