கிணத்துத் தண்ணியை யார் தணிக்கை செய்வது?

(தாயில்பட்டி விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



முதல்லயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பட்டாசு ஆலையை மூடு என்று கேட்க நாம் இங்கே கூடவில்லை. மழை பொய்த்த வருஷமெல்லாம் நம்ம வீட்டு அடுப்பு எரிஞ்சது பட்டாசுக் கூலியில்தான். நாம் கேட்பது இதுதான்: ஆலைகள் அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கணக்கில் நம்ம கிணறு எங்கே இருக்கிறது?

என்ன கணக்கு என்பீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெறவேண்டிய ஒவ்வொரு தொழிற்சாலையும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் ‘படிவம் 5’ என்ற அறிக்கையைத் தரவேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், என்ன மூலப்பொருள் செலவாச்சு, என்ன கழிவு வந்தது, அதை எங்கே போட்டோம் எல்லாம் அதில் இருக்கணும். 1992ல் விதி வந்தபோது இதற்குப் பெயர் ‘சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கை’. மறுவருஷமே ‘தணிக்கை’யை எடுத்துவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். முதலாளியே எழுதி முதலாளியே கையெழுத்துப் போட்டால் அது என்ன தணிக்கை? கூட்டுறவு சங்கத்தில் நம்ம கடன் கணக்கை நாமே தணிக்கை செய்ய விடுவார்களா?

பெரிய கம்பெனிகள் ஐ.எஸ்.ஓ. 14001 என்று ஒரு சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். சுற்றுச்சூழலைக் கவனிக்க உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது என்பதற்கான சான்று அது. பக்கத்துக் கிணறு சுத்தம் என்று அதில் எழுதியிருக்காது. சோதிக்க வருகிறவருக்குக் கூலியும் கம்பெனிதான் கொடுக்கிறது.

காகிதத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம வட்டாரமே சாட்சி. பட்டாசில் பேரியம் உப்பு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018ல் உத்தரவிட்டது. பிறகு நீதிமன்றம் சொல்லி சி.பி.ஐ. மாதிரி எடுத்துச் சோதித்தது. மேலே ஒட்டிய லேபிள் ஒன்று, உள்ளே இருந்த மருந்து வேறொன்று. மாதிரி எடுத்ததால்தான் தெரிஞ்சது.

இப்ப நம்ம தண்ணிக்கு வருவோம். வண்ணப் பட்டாசு மருந்தில் பெர்குளோரேட் என்று ஓர் உப்பு சேர்ப்பார்கள். கழுவின தண்ணி, கூட்டித் தள்ளின குப்பை, குழியில் கொட்டின கழிவு, இதிலெல்லாம் அது இருக்கும். ஒரு மழைக்கே கரைஞ்சு நிலத்துக்குள் இறங்கிவிடும். நிறமில்லை, வாடையில்லை. காய்ச்சினாலும் போகாது. உடம்பில் அயோடின் சேரவிடாமல் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும். அதிகம் பாதிக்கப்படுவது கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான்.

இது நம்ம கற்பனையில்லை. 2013ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17ல், அமெரிக்கா குடிநீருக்கு அப்போது சொன்ன 15 மைக்ரோகிராம் அளவைத் தாண்டி இருந்தது. எல்லாவற்றிலும் கூடுதலாகக் கண்டது லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம்! ஆலைகள் உள்ள பகுதியில்தான் அதிகம். நம் நாட்டுக் குடிநீர்த் தரப் பட்டியலிலோ இந்த உப்புக்கு அளவே கிடையாது. உவர்ப்பு பார்ப்பார்கள், புளூரைடு பார்ப்பார்கள், ‘தண்ணி நல்லாருக்கு’ என்று சீட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு புதிய சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை அறிவித்திருக்கிறது. பதிவு பெற்ற தணிக்கையாளரைக் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது, குலுக்கல்போல ஒதுக்குவார்களாம். நல்லதுதான். ஆனா அவரும் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டிவிட்டுப் போனால் நமக்கு என்ன லாபம்? வேலிக்கு வெளியே வரணும். நம்ம கிணத்தில் பெர்குளோரேட் சோதனை பண்ணணும். மாதிரி எடுக்கும்போது விவசாயி பக்கத்தில் நிக்கணும். முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டணும்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் படிவம் 5ன் நகலைக் கேளுங்க. 30 நாளில் பதில் தரணும். எழுதத் தெரியாதவங்களுக்குச் சங்கத்திலேயே எழுதித் தருகிறோம்.

அடுத்து கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாட்டில் கிணத்துத் தண்ணியோடு வாங்க. பாட்டில் மேல சர்வே நம்பரை எழுதி ஒட்டுங்க. சோதனைக்கான மாதிரியை அதிகாரிகள்தான் வந்து எடுக்கணும். எந்தெந்தக் கிணத்துக்கு வரணும் என்று காட்டத்தான் இந்த பாட்டில்.