நர்ஸம்மாவுக்குக் கதவைத் திறங்கள்!

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட மஹல்லா கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவேன், வக்ஃபு சொத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நம் தெருவில் நடந்து வருகிற ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசப் போகிறேன். தோளில் பை, கையில் பதிவேடு. வேகாத வெயிலில் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். "ஆம்பளைங்க வீட்டில் இல்லை, அப்புறம் வாங்க" என்று உள்ளிருந்து ஒரு குரல் வருகிறது. கதவு திறப்பதில்லை. பதிவேட்டில் எதையோ குறித்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

அரசாங்கம் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கிராம சுகாதார செவிலியர். நகரத்தில் நகர்ப்புற சுகாதார செவிலியர். மக்களுக்கு அவர் நர்ஸம்மா.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. அந்த 5,000 பேரில் யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்கு ரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் தடுப்பூசி என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரிடம் நாம் நோய் வந்த பிறகு போகிறோம். நர்ஸம்மாவோ நோய் வருமுன் நம்மைத் தேடி வருகிறார். தேடி வருகிறவரை நாம் எப்படி நடத்துகிறோம்? சிந்திக்க வேண்டும் சகோதரர்களே!

என் குற்றத்தை முதலில் சொல்கிறேன்

பிறரைக் குறை கூறும் முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. ஒன்பது மாதம் முடிந்த குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை அனைவருக்கும் ஓர் ஊசி. அந்த நேரத்தில் கைப்பேசிகளில் ஒரு செய்தி பரவியது. இந்த ஊசி போட்டால் நம் பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்றார்கள். யார் சொன்னது, எந்த டாக்டர் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பகுதி நர்ஸம்மா மதரஸாவுக்கு வந்தார். "ஹஜ்ரத், ஜுமுஆவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் தாய்மார்கள் கேட்பார்கள்" என்றார். "கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். கமிட்டியில் கேட்கவே இல்லை. மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதே பதில்தான். ஊசி கூடாது என்று நான் சொல்லவில்லை. போடுங்கள் என்றும் சொல்லவில்லை. என் மௌனத்தையே மக்கள் ஃபத்வாவாக எடுத்துக்கொண்டார்கள்.

சில மாதங்களில் என்னிடம் ஓதிய ஒரு பையனுக்குத் தட்டம்மை கண்டது. அவன் எழுந்து நடமாடத் தொடங்கிய வேளையில் அவனுடைய எட்டு மாதத் தங்கைக்கு வந்தது. அந்தக் குழந்தைக்கு ஊசி போடும் வயதே ஆகவில்லை. அண்ணனுக்குப் போட்டிருந்தால் தங்கைக்கு அதுவே காவலாக இருந்திருக்கும். சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகி, பல நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தாள். ஆனால் காதில் சீழ் வைத்து, இன்று ஒரு காது சரியாகக் கேட்பதில்லை.

நர்ஸம்மா மீண்டும் வந்தார். "அன்றைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஹஜ்ரத், இன்னும் எத்தனை பிள்ளைகள் பாக்கி என்று பார்க்க வேண்டும், பெயர்ப் பட்டியல் தாருங்கள்" என்று கேட்டார். நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

தட்டம்மை சாதாரண நோயல்ல. தடுப்பூசி போடாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றக்கூடியது. ரூபெல்லாவோ கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயத்தைப் பாதிக்கும். எந்த ஊசி நம் பெண்மக்களின் கருவைக் காக்கிறதோ, அதே ஊசியைக் கருவுக்கு எதிரி என்று நம்பி விரட்டினோம்! இதை விடப் பெரிய ஏமாற்றம் உண்டா?

மற்ற ஊர்கள் தரும் பாடம்

2002ஆம் ஆண்டு இந்தியாவில் ஏறத்தாழ 1,600 குழந்தைகளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அதில் முஸ்லிம் குழந்தைகள் ஏராளம். அங்கும் இதே வதந்தி, இதே மூடிய கதவு. பிறகு ஆலிம்கள் முன்வந்தார்கள். பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியாவும் துணை நின்றன. அந்தந்தத் தெருப் பெண்களே சொட்டு மருந்துக்காரர்களோடு வீடு வீடாக நடந்தார்கள். கடைசி நோயாளி 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27இல் போலியோ இல்லாத நாடாக இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது.

நம் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2016இல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் நோயால் வளரும் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். படிப்பறிவு நிறைந்த, நம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் அது. பள்ளிக்கூடம் இருந்தது, மருத்துவமனை இருந்தது. தடுப்பூசி போடாத பிள்ளைகளும் இருந்தார்கள். நோய்க்கு அது போதுமானதாக இருந்தது.

வணிகப் பெருமக்களே!

உங்கள் கடைப் பையன் மூன்று வாரமாக இருமுகிறான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பஸ் செலவுக்குப் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுகிறீர்கள். நல்லது செய்ததாக எண்ணுகிறீர்கள். அவனுக்குக் காசநோய் இருந்தால்? கடை மாடியில் அவனோடு ஒரே அறையில் படுத்த மற்றப் பையன்களின் கதி என்ன? ஊரில் அவனுடைய தாயின் கதி என்ன?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். நர்ஸம்மாவிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இடையில் நிறுத்தினால் நோய் முரண்டு பிடிக்கும். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித் தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அவன் ஆறு மாதமும் மருந்து விடாமல் சாப்பிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டு நீக்காதீர்கள்.

உங்களையும் கவனியுங்கள். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் வருகின்றன. 2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இவற்றை வீட்டிலேயே பார்த்து மருந்தும் கொடுக்கும் திட்டம்தான். வருகிறவர்களிடம் "எனக்கு ஒன்றுமில்லை" என்று கையை மறைக்காதீர்கள்.

ருஃபைதாவின் கூடாரம்

"அந்நியப் பெண், வீட்டுக்குள் எப்படி விடுவது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமடைந்தபோது, அவர்களை ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் சேர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வரலாறு கூறுகிறது. அந்தக் கூடாரம் எங்கே இருந்தது? மஸ்ஜிதுந் நபவியில்! பள்ளிவாசலுக்குள்ளேயே செவிலிக்கு இடம் கொடுத்த சமுதாயம், இன்று நர்ஸம்மாவை வாசற்படியில் நிறுத்தலாமா? பெண்ணை ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்கிறோம். நம் பெண்ணை நர்ஸாக்கவும் மாட்டோம் என்கிறோம். பிறகு யார்தான் வந்து பார்ப்பது?

செய்ய வேண்டியவை

ஒன்று: புதன்கிழமை தடுப்பூசி நாள். அதற்கு முந்தைய ஜுமுஆவில் இடமும் நேரமும் அறிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு எங்களுடையது.

இரண்டு: மக்தபில் பிள்ளையைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பாக்கி இருந்தால் பெயரை நர்ஸம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

மூன்று: இளைஞர்களே, தெருவுக்கு ஒரு குடும்பத்துப் பெண்கள் அவரோடு வீடு வீடாகச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். கைப்பேசியில் மருத்துவச் செய்தி வந்தால் அவரிடம் கேட்காமல் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

நான்கு: வியாபாரிகள் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையாவது கடை ஊழியர்களுக்குப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும்.

ஐந்து: நர்ஸிங் படிக்க விரும்பும் ஏழைப் பெண்ணின் கட்டணத்தை இந்த ஊர் ஏற்க வேண்டும்.

சகோதரர்களே! நர்ஸம்மாவின் பதிவேட்டில் நம் தெருவுக்கு நேரே 'கதவு திறக்கவில்லை' என்ற குறிப்பு இனி இருக்கக் கூடாது. ஒரு பெண் குழந்தையின் ஒரு காதைக் கொடுத்து நான் கற்ற பாடம் இது. நீங்கள் எதையும் இழக்காமல் கற்றுக்கொள்ளுங்கள். வருகிற புதன்கிழமை நம் மதரஸாவின் கூடத்தில் முகாம். நானே வாசலில் நின்று பெயர் எழுதுவேன், இன்ஷா அல்லாஹ். உங்கள் பிள்ளைகளோடு வாருங்கள்.

வஸ்ஸலாம்.