புண்ணும் களிம்பும்



ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் முடியுமிடத்தில் அங்கே காடு தொடங்குகின்றது. சாம்பல் நிற மலையணில்கள் வாழும் அக்காடு 1988-ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 2021-ஆம் ஆண்டில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. தோப்பில் வேலை செய்வோர்க்கு அரிவாள் வெட்டும், காட்டுவழி நடப்போர்க்கு முட்குத்தும் சிராய்ப்பும் அங்கே புதியன அல்ல. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், உள்நாட்டு மருத்துவமனைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்லும் கட்டுத்துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகின்றது. புண்ணைக் கட்டும் துணிக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில் வாழ்ந்தும், புண்ணைப் பேணும் முறையை நாம் அறிந்திருக்கிறோமா என்பது ஐயமே. நான் அறிந்திருக்கவில்லை. அந்த அறியாமைக்கு நான் கொடுத்த விலை இடக்காலின் சுண்டுவிரல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசிச் சனிக்கிழமையொன்றில் காட்டழகர் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தேன். திரும்பும் வழியில் முள் ஒன்று தைத்தது. பிடுங்கி எறிந்துவிட்டு நொண்டியவாறு வந்தேன். செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, முள் முழுசா வந்துச்சா? முனை உள்ளே நின்னா எந்த மருந்தும் பிடிக்காதுங்க" என்றார். முப்பதாண்டுகள் சுகாதாரப் பாடம் நடத்தியவனுக்கு அவர் என்ன சொல்லித் தருவது என்ற எண்ணம் எனக்கு. சிரித்துவிட்டு நடந்தேன். வீட்டு அலமாரியில் எப்போதோ படைக்கு வாங்கிய களிம்புக்குழாய் ஒன்று கிடந்தது. அதை நாள்தோறும் தடவினேன். வலி இல்லை, சிவப்பும் குறைந்தது, புண் ஆறுகின்றது என்றே மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம் மருத்துவர் கட்டை அவிழ்த்தபோது விரல் கறுத்திருந்தது. எனக்கு நீரிழிவு உண்டு. வலி இல்லாதது நலத்தின் அறிகுறியன்று, நரம்பு உணர்விழந்ததன் அறிகுறி. சிவப்புக் குறைந்தது புண் ஆறியதாலன்று. நான் தடவிய களிம்பில் இருந்த ஸ்டீராய்டு மருந்து, உடலின் எதிர்ப்பை அடக்கி, நோயை மறைத்திருந்தது. முள்ளின் முனையும் உள்ளேயே இருந்தது.

களிம்பு புண்ணை ஆற்றுகின்றது என்பதே நம்மிடையே நிலவும் முதற்பிழை. புண்ணை ஆற்றுவது உடலே. வெட்டுப்பட்டவுடன் குருதி உறைந்து வாயை அடைக்கின்றது. அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் மடிந்த தசையையும் அகற்றுகின்றன. பின்னர் சிவந்த புதுத்தசை அடியிலிருந்து வளர்கின்றது. ஓரங்களிலிருந்து மேல்தோல் மெல்ல நகர்ந்து வந்து அதனை மூடுகின்றது. இந்நான்கு வேலைகளில் எதனையும் களிம்பு செய்வதில்லை. வேலை நடக்கும் இடத்தை ஈரம் காயாமலும் அழுக்குப் படாமலும் வைத்திருப்பதே அதன் தொண்டு.

'புண் காற்றாட இருக்கட்டும், பொருக்குத் தட்டட்டும்' என்று நம் வீடுகளில் கூறுவர். 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆங்கில அறிஞர் பன்றிகளின் தோலில் சோதனை செய்து, ஈரம் காயாமல் மூடிவைத்த புண்ணில், காயவிட்ட புண்ணைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் மேல்தோல் மூடுவதைக் காட்டினார். காய்ந்த பொருக்கின் அடியில் வழி தேடி நகர வேண்டிய தோல், ஈரத்தில் எளிதாக நகர்கின்றது.

அப்படியாயின் விலையுயர்ந்த களிம்புதான் வேண்டுமோ? வேண்டுவதில்லை. 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிறு அறுவைப் புண்களில் ஒரு சாராருக்கு வெறும் வாசலீனும், மற்றொரு சாராருக்குக் கிருமிக்கொல்லி சேர்ந்த களிம்பும் பூசினர். சீழ்ப்பிடித்தலில் இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கிருமிக்கொல்லி பூசியவர்களுள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் வந்தது. தூய சிறு காயத்திற்கு வாசலீனே போதுமானது என்பது இதனால் விளங்கும்.

பூசும் முறையை வரிசையாகக் கூறுவேன். முதலில் உங்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காயத்தை ஓடும் நல்ல தண்ணீரில் சில நிமிடம் கழுவுங்கள். குடிக்கத் தக்க நீர் போதும். நுரை பொங்கும் பெராக்சைடையும் ஸ்பிரிட்டையும் ஆறும் புண்ணில் நாள்தோறும் ஊற்றுவது, முளைக்கும் பயிருக்கு வெந்நீர் ஊற்றுவதை ஒக்கும், புதுத்தசை கருகும். மண்ணும் முள்ளும் எஞ்சாமல் நீக்கியபின், தூய துணியால் ஒற்றியெடுங்கள். களிம்பை மெல்லிய படலமாகப் பூசுங்கள். சுவருக்குச் சாந்து பூசுவதுபோல் அப்ப வேண்டா. குழாயின் வாயைப் புண்ணில் தொடவிடாதீர்கள். தொட்டால் கிருமி குழாய்க்குள் குடியேறும். மேலே தூய கட்டுத்துணி இட்டு, நாளுக்கு ஒருமுறையும், நனைந்தாலும் அழுக்கானாலும் அப்போதும் மாற்றுங்கள். ஒருவர் குழாயை மற்றவர் பயன்படுத்த வேண்டா. காலக்கெடு முடிந்த குழாயை எறிந்துவிடுங்கள்.

அடுத்தது, குழாயின்மேல் எழுதியிருப்பதைப் படித்தல். பள்ளிப்பிள்ளைக்கு எழுத்தறிவித்த நான் அதனைப் படிக்கவில்லை! பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் போன்ற பெயர்கள் இருப்பின் அது ஸ்டீராய்டு களிம்பு, புண்ணுக்கு ஆகாது. இத்தகைய 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என 2018-இல் நடுவணரசு விதித்தது. நியோமைசின் இருப்பின், சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். சில்வர் சல்ஃபாடயசீன் என்னும் வெண்களிம்பைச் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும், பேறுகாலம் நெருங்கிய தாய்மாரும் பூசுதல் கூடாது. பச்சிளங்குழந்தைக்கும் பூசுதல் கூடாது. பழுப்பு நிறப் போவிடோன் அயோடினைத் தைராய்டு நோயுடையோர் பரந்த புண்ணில் நெடுநாள் பயன்படுத்துமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கிருமிக்கொல்லிக் களிம்பை மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டுமே பூசுக. பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசுரையிலேயே, அளவு குறைந்த மருந்து கிருமிகளை எதிர்க்கப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். சிராய்ப்புக்கெல்லாம் அம்மருந்தைத் தடவினால், உண்மையில் தேவைப்படும் நாளில் அது பயன்படாது போகும்.

'நம் நாட்டு மருந்துக்கு இக்கட்டுப்பாடு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். மஞ்சளின் பெருமையை நான் மறுக்கவில்லை. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோது, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி வழக்காடி, 1997-இல் அதை நீக்கச் செய்தது. எனினும், கடையில் திறந்து வைத்த மஞ்சட்பொடி தூயதன்று; அதை ஆழமான காயத்தில் அடைப்பது அழுக்கை அடைப்பதாகும். சித்த மருத்துவத்தில் புகழ்பெற்ற மத்தன் தைலமோ ஊமத்தை இலைச்சாறும் துருசும் தேங்காயெண்ணெயும் சேர்ந்தது. ஊமத்தை நஞ்சு, துருசும் நஞ்சு. சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்த அளவில் வெளிப்பூச்சாகப் பயன்படும் அத்தைலம், குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கலாகாது. நாட்டு மருந்தாயினும் மேனாட்டு மருந்தாயினும், அளவறிந்து கையாள்வதே அறிவுடைமை.

இனி, களிம்புக்கு வேலையே இல்லாத இடங்கள் சில. நாயோ குரங்கோ கடித்தால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, களிம்பு எதுவும் வேண்டா. இறுகக் கட்டவும் வேண்டா. அன்றே மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கி, சொன்ன நாட்களிலெல்லாம் முடியுங்கள். அந்நோய் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் அரிது. பாம்பு கடித்தால் கீறுதலும் பூசுதலும் வேண்டா; அசையாமல் கிடத்தி விரைந்து கொண்டு செல்லுங்கள். ஆழமான முட்குத்திலும் ஆணிக்குத்திலும் ஏற்பு நோய்க்கிருமி காற்றில்லாத அடித்தளத்தில் வளரும். மேலே பூசும் களிம்பு அதனைத் தீண்டாது, தடுப்பூசியே காக்கும். சிவகாசிக்கு அண்மையில் வாழும் நாம் தீப்புண்ணையும் மறக்கலாகாது. மையும் பற்பசையும் நெய்யும் தடவாமல், 20 நிமிடம் குளிர்ந்த ஓடுநீரில் காட்டுங்கள். பெரிய தீப்புண்ணைத் தூய துணியால் மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிவப்புப் பரவுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், செந்நிறக் கோடு மேலேறுதல், வாயடையாத வெட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகியவை மருத்துவரை நாட வேண்டிய குறிகள். நீரிழிவுடையோர்க்கோ காலில் தோன்றும் எந்தப் புண்ணும் அத்தகைய குறியே. இரவு படுக்குமுன் இரு பாதங்களையும் விளக்கொளியில் பாருங்கள். அடிப்பாகம் தெரியாவிடில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பேத்தி அவ்வாறுதான் இப்போது நாள்தோறும் என் பாதங்களைப் பார்க்கிறாள். சென்ற திங்கள் செண்பகத்தோப்புக்கு மீண்டும் சென்றேன், செருப்பணிந்து. அம்முதியவரைத் தேடிக் கண்டு, நடந்ததைச் சொன்னேன். அவர் என் காலை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மிச்சத்தைப் பத்திரமா வச்சுக்கோங்க ஐயா" என்றார். இம்முறை நான் சிரிக்கவில்லை. நீங்களும் இன்றே உங்கள் அலமாரியைத் திறந்து, அங்குள்ள குழாய்களை எடுத்து, அவற்றின் மேலுள்ள எழுத்துக்களைப் படித்துப் பாருங்கள்.