ஞானஸ்நானத் தண்ணீர் எதைக் கழுவிற்று?

(ஒரு பொதுக்கூட்டச் சொற்பொழிவின் சுருக்கம்)



"இந்துக்களின் தீர்த்த ஸ்நானத்தை மாத்திரம் கண்டிக்கிறீர்களே, கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேச ஏன் வாய் வரவில்லை?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்விதான். மகாமகக் குளத்துத் தண்ணீருக்கு ஒரு நியாயம், யோர்தான் நதித் தண்ணீருக்கு ஒரு நியாயம் என்று நம்மிடம் இரண்டு படிக்கல் கிடையாது. நான் கலாசாலையில் படித்தவனல்ல. பாதிரிமாரோடு வாதாட வேண்டியிருந்ததால் பைபிளையும் சில சரித்திரப் புத்தகங்களையும் நானே எழுத்துக்கூட்டிப் படித்தவன். தப்பிருந்தால் மேடைக்கு வந்து தாராளமாகத் திருத்தலாம்.

ஞானஸ்நானம் என்றால் என்ன? யோர்தான் நதியில் யோவான் ஜனங்களை முழுக்காட்டினார். ஏசுவும் அவரிடம் முழுக்குப் பெற்றார் என்பது பைபிள் சங்கதி. பாப்திஸ்துச் சபையார் வயது வந்தவர்களைத் தண்ணீரில் முழுக்கியெடுக்கிறார்கள். கத்தோலிக்கர் கைக்குழந்தையின் தலையில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால் மூன்று தரம் தண்ணீர் வார்க்கிறார்கள். பழைய மனிதன் செத்துப் புது மனிதன் எழும்புகிறான், பாவம் கழுவப்படுகிறது என்பது இதன் தாத்பரியம். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் யூதன், கிரேக்கன் என்றும், அடிமை, எஜமான் என்றும், ஆண், பெண் என்றும் பேதமில்லை என்று பவுல் என்பவர் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார்.

கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் சவுக்காரம் விற்கிறவன் சொன்ன பேச்சுக்கா காசு கொடுக்கிறோம்? அழுக்குப் போயிற்றா என்று துணியை உதறிப் பார்ப்பதில்லையா? அப்படியே இதையும் உதறிப் பார்ப்போம்.

முதலாவது குழந்தைகள். பிறக்கும்போதே ஜென்மப் பாவம் ஒட்டியிருக்கிறதென்றும், ஞானஸ்நானமின்றிச் செத்த குழந்தைக்கு இலேசான தண்டனையாவது உண்டென்றும் 5-ம் நூற்றாண்டில் அகஸ்டீன் என்ற மகான் எழுதி வைத்தார். பிற்காலத்தார் இரக்கப்பட்டு, மோட்சமுமில்லாத வேதனையுமில்லாத 'லிம்போ' என்று ஓரிடத்தைக் கற்பித்தார்கள். அயர்லாந்து தேசத்தில் இப்படிச் செத்த சிசுக்களுக்குக் கோயில் கல்லறையில் இடமில்லை. பெற்ற தகப்பன் இராத்திரியில் தூக்கிக்கொண்டு போய் வயலோரத்திலோ பாழடைந்த இடத்திலோ புதைத்துவிட்டு வருவான். இவ்வழக்கம் 20-ம் நூற்றாண்டிலும் இருந்தது. கண்கூடத் திறவாத சிசு செய்த பாவம் என்ன? கடைசியில் 2007-ம் ஆண்டு போப்பாண்டவரின் வேதசாஸ்திரக் கமிஷன், அக்குழந்தைகளும் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பக் காரணமுண்டு என்று அறிக்கை வெளியிட்டது. சந்தோஷம்! ஆனால் அத்தனை நூற்றாண்டுகளாகத் தாய்மார் வடித்த கண்ணீருக்கு யார் ஜவாப்தாரி?

இரண்டாவது அடிமைகள். அமெரிக்காவில் வர்ஜீனியா நாட்டு எஜமானர்களுக்கு ஒரு பயம் வந்தது. நீக்ரோ அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அவன் விடுதலை கேட்பானே என்பது அந்தப் பயம். உடனே 1667-ல் சட்டசபை கூடி, ஞானஸ்நானத்தால் அடிமைத்தனம் போகாது என்று சட்டம் செய்தது. ஆத்துமாவைக் கழுவலாமாம், சங்கிலியைத் தொடக்கூடாதாம்! அந்தச் சங்கிலி அறுந்தது 1865-ல். அதுவும் பெரிய யுத்தத்தாலும் அரசியல் சட்டத்தாலுமே தவிர, தண்ணீரால் அல்ல.

மூன்றாவது நம் நாட்டுச் சாதி. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயிலைக் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகக் கட்டினார்கள். ஒரு கால் வேளாளக் கிறிஸ்தவர்களுக்கு, மற்றொரு கால் நாடார் கிறிஸ்தவர்கள் முதலானவர்களுக்கு. நடுவே சுவர். இரு பக்கத்தாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானே? 1910-ல் சுவர் இடிக்கப்பட்டபோது, அதைத் திரும்பக் கட்டித் தரவேண்டுமென்று ஐக்கோர்ட்டு வரையில் வழக்காடினார்கள், கோர்ட்டு ஒப்பவில்லை. சுவரைத் தள்ளியது கடப்பாரையா, தீர்த்தமா?

சர்க்கார் சங்கதி இன்னும் வேடிக்கை. தாழ்த்தப்பட்டோர் பட்டியலைப் பற்றிய 1950-ம் வருஷத்து உத்தரவு இந்துக்களுக்கு மாத்திரம் என்றிருந்தது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவனை இன்றளவும் சேர்க்கவில்லை. சலுகை கேட்டுப் போனால் 'உனக்குத்தான் சாதியில்லையே' என்கிறது சர்க்கார். ஊருக்குத் திரும்பினால் 'உன் சாதிக்கு அந்தப் பக்கம்' என்கிறது கல்லறைத் தோட்டம். ஏழை எங்கேதான் போவான்?

மதம் மாறிய ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிடைத்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்களை நிமிரச் செய்தது தலையில் வார்த்த தண்ணீரா, கையில் கொடுத்த சிலேட்டுப் பலகையா என்பதைத்தான் யோசிக்கச் சொல்லுகிறேன்.

இன்னொரு விஷயம். அவசர காலத்தில், முறைப்படி செய்யும் எண்ணத்தோடு யார் தண்ணீர் வார்த்தாலும் ஞானஸ்நானம் செல்லும், வார்ப்பவன் கிறிஸ்தவனாயிருக்க வேண்டியதில்லை என்பது கத்தோலிக்கச் சட்டம். அப்படியானால் நாஸ்திகனாகிய நான் வார்த்தாலும் பலிக்கும்! என் கையாலும் பலிக்கிற அந்தத் தண்ணீர், ஒரு சுடுமண் சுவரைக் கரைக்கவில்லையே!

ஆகையால், கிறிஸ்தவத் தோழர்களே! உங்களை மதம் விட்டு மதம் போகச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாதிரியாரிடம், "ஐயா, எல்லோருக்கும் ஒரே தண்ணீர் வார்த்தீர்கள், செத்தால் புதைக்க ஒரே குழிமேடு எங்கே?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் தைரியம் உங்களுக்கு வந்தால், அதுதான் உண்மையான ஞானஸ்நானம் என்று சொல்லி, இத்துடன் என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.