வெயிலும் நம் பிள்ளைகளும்
(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பூரித்திருக்கும் இந்நேரத்தில், அவர்களுடைய தம்பி தங்கைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் சுப்பிங்கில் வெப்பம் 40.1 டிகிரி செல்சியஸை எட்டியது. 2016 ஏப்ரலில் வெயில் கொடுமையால் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள். "தலைமுறையா தோட்டத்து வெயில்ல வேலை செஞ்சவங்க நாம, நமக்கென்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. நமக்குப் பழகிய வெயில் பிள்ளைக்குப் பழகியதாகாது. சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகமும் தெரியாது. ஆகவே பிள்ளை கேட்கட்டும் என்று காத்திராமல், நாமே அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம்; தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள்.

"ரெண்டு நிமிஷந்தானே" என்று தூங்கும் பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பயனில்லை.

பிள்ளையின் உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ, உடனே நிழலுக்குத் தூக்குங்கள். 999-க்கு அழையுங்கள். சட்டையைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வெயிலில் ஓடியாடும் தம்பி தங்கையைக் கூப்பிட்டு, "வா, தண்ணி குடிச்சிட்டுப் போய் நிழல்ல விளையாடு" என்று சொல்லுங்கள். அதுவும் பரிசுக்குரிய செயல்தான்.