தோள் அருகே எலும்பு முறிந்தால்: அறுவை எப்போது வேண்டும்?

(ஜமாஅத் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கண்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியிலிருந்து விழும் இளைஞருக்கும், வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழும் மூதாட்டிக்கும் ஒரே இடத்தில் முறிவு ஏற்படலாம். மேற்கை எலும்பு தோள் மூட்டைச் சேரும் பகுதியே அது. இடம் ஒன்றாயினும் சிகிச்சை ஒன்றன்று.

முறிந்த துண்டுகள் விலகியுள்ளனவா என்பதே முதற்கேள்வி. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1970இல் ஓர் அளவுகோல் வகுத்தார். துண்டு 1 செ.மீ.க்கு மேல் நகர்ந்தாலோ, 45 பாகைக்கு மேல் சாய்ந்தாலோ அது விலகிய முறிவு. விலகாத முறிவுக்குப் பெரும்பாலும் கையைத் தாங்கும் ஸ்லிங் பட்டையே போதும்.

விலகிய முறிவு என்றாலே அறுவை என்று எண்ணிவிடலாகாது. பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 250 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு அறுவை, மறு சாராருக்குப் பட்டை. இரண்டாண்டுகளின் முடிவில் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, நகையை அடகு வைக்குமுன் "அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது மரியாதைக் குறைவன்று.

ஆனால், அறுவை தெளிவாகத் தேவைப்பட்டோர் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதை மறவாதீர். எலும்பின் பந்துமுனை கிண்ணத்தை விட்டு நழுவினாலோ, பிளந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்தாலோ, இரத்தக்குழாய் சிதைந்தாலோ காலம் தாழ்த்துவது கைக்கே ஆபத்து. தட்டும் திருகும் கொண்டு துண்டுகளைப் பொருத்துவர். பொருத்த இயலாத முதியோருக்குச் செயற்கை மூட்டு வைப்பர்.

எண்ணெய் தடவி இழுத்துக் கட்டிக்கொண்டு, மூன்று வாரம் கழித்து வருவோர் உளர். அதற்குள் எலும்பு விலகிய நிலையிலேயே கூடத் தொடங்கிவிடும். முதல் நாளே எக்ஸ்ரே எடுங்கள். விரல் மரத்தாலோ, கை குளிர்ந்து வெளிறினாலோ உடனே விரையுங்கள். நம் அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை உள்ளது. சாலை விபத்தாயின், 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு.

இறுதியாக ஒன்று. அறுவையாயினும் பட்டையாயினும், மருத்துவர் சொல்லும் நாளில் பயிற்சியைத் தொடங்காவிடில் தோள் இறுகிவிடும். தக்பீருக்குக் கை உயர்த்துவதும், தலை வாருவதும், பேரப்பிள்ளையைத் தூக்குவதும் அந்தப் பயிற்சியைப் பொறுத்தவையே. வலிக்கு அஞ்சி அதனை விட்டுவிடாதீர்.